பாப்பாயின் கீரையும் பாஸ்டன் எலிகளின் பெர்ரியும்

ப்ளூபெர்ரியில் சத்து அதிகமா, ஸ்பினாச் கீரையில் அதிகமா? விடுதிச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாள் இந்தச் சண்டை வந்தது. ஒருவன், "ப்ளூபெர்ரிதான்டா, ஆன்டிஆக்சிடென்ட்டில் அதுதான் நம்பர் ஒன்" என்றான். இன்னொருவன், "பாப்பாய் கார்ட்டூன் பார்த்ததே இல்லையா? கீரையில்தான் இரும்புச் சத்து" என்றான். பிறகு உட்கார்ந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இருவர் சொன்ன காரணமும் சரியில்லை என்று. சரியில்லாத அந்தக் காரணங்கள் எப்படி உலகம் முழுக்கப் பரவின என்பது ஒரு நல்ல கதை.

அதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பம். ஸ்பினாச் என்றால் நம் பத்திரிகைகள் பசலைக்கீரை என்று எழுதிவிடுகின்றன. வேலியில் கொடியாகப் படரும் நம் பசலை வேறு செடி. பாலக் பனீரில் போடுகிறார்களே, அதுதான் ஸ்பினாச். இந்தக் கட்டுரையில் கீரை என்றால் அதுவே.

சரி, விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க ஓவியர் எல்சி சீகர் 1929-இல் பாப்பாய் என்ற மாலுமியை ஒரு செய்தித்தாள் படக்கதையில் உருவாக்கினார். கீரை தின்றதும் அவனுக்குப் பலம் வரும். 1937-இல் டெக்சாஸ் மாநிலத்தில் கீரை விளையும் கிரிஸ்டல் சிட்டி என்ற ஊரில் அவனுக்குச் சிலையே வைத்தார்கள்!

பலம் எதனால்? இரும்பினால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இந்த இரும்புக் கதைக்கு ஒரு மறுப்புக் கதையும் உண்டு. 1981-இல் டெரன்ஸ் ஹாம்ப்ளின் என்ற ரத்தவியல் மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்: அந்தக் காலத்து ஆய்வாளர்கள் தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டார்கள், அதனால் கீரையின் இரும்பு பத்து மடங்காகக் காட்டப்பட்டது, 1930-களில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் அதைத் திருத்தினார்கள் என்று. படிக்க ருசியான கதை. பேராசிரியர்கள் வகுப்பில் சொன்னார்கள், புத்தகங்களில் ஏறியது. ஒரு சின்னப் பிழை உலகத்தையே ஏமாற்றியதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா?

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதைக்கே ஆதாரம் இல்லை. மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் (ஆமாம், குற்றவியல்தான்) மூலத்தைத் தேடிப்போய் 2010-இல் தன் முடிவை வெளியிட்டார். புள்ளி இடம் மாறியதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஹாம்ப்ளினைக் கேட்டால், அதை எங்கே படித்தோம் என்று அவருக்கே நினைவில்லை. அதைவிடப் பெரிய வேடிக்கை: 1932-இல் வந்த ஒரு படக்கதையில் பாப்பாயே காரணம் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது இரும்பை அல்ல, வைட்டமின் ஏ-யை!

பத்து மடங்குக்குப் புள்ளி நகர வேண்டிய அவசியமும் இல்லை. பச்சைக் கீரையில் நூற்றுக்கு 91 பங்கு தண்ணீர். உலர்ந்த கீரைக்குப் போட்ட கணக்கைப் பச்சைக் கீரைக்கு எடுத்துக்கொண்டாலே பத்து மடங்கு வந்துவிடும். உண்மையில் 100 கிராம் பச்சைக் கீரையில் இருப்பது சுமார் 2.7 மில்லிகிராம் இரும்பு. அதிலும் சிறு பங்கைத்தான் உடம்பு ஏற்றுக்கொள்ளும். கால்சியத்தின் கதி இன்னும் மோசம். கீரையில் உள்ள ஆக்சலேட் அதைப் பிடித்துக்கொள்வதால் சுமார் 5 சதவீதம்தான் உடம்பில் சேருகிறது. பாலில் இருந்து 27 சதவீதத்துக்கு மேல் சேரும்.

இனி ப்ளூபெர்ரி. நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை அது அமெரிக்கக் காடுகளில் பறித்துத் தின்னும் பழம்தான். நியூஜெர்சியில் எலிசபெத் ஒயிட் என்ற பண்ணைக்காரரின் மகளும் ஃபிரெடரிக் கோவில் என்ற அரசுத் தாவரவியலாளரும் சேர்ந்து அதைப் பயிராக்கினார்கள். பெரிய பழம் காய்க்கும் காட்டுச் செடியைக் காட்டுபவர்களுக்கு ஒயிட் பணம் கொடுத்தார். செடிக்குக் கண்டுபிடித்தவரின் பெயரையும் வைத்தார். 1916-இல் முதல் விளைச்சல் சந்தைக்கு வந்தது. அப்போது அதைச் சத்துக்காக யாரும் வாங்கவில்லை. ருசியான பழம், அவ்வளவுதான்.

ப்ளூபெர்ரியின் யோகம் 1990-களில் அடித்தது. ஓரேக் என்று ஒரு சோதனை வந்தது. உணவுச் சாறு ஒன்று ஆக்சிஜனேற்றத்தை எவ்வளவு தடுக்கிறது என்று சோதனைக் குழாயில் அளப்பது. பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அரசு ஆய்வு மையம் சுமார் 40 பழம், காய்கறிகளை இப்படி அளந்தபோது ப்ளூபெர்ரி முதலிடம். அப்புறம் கேட்க வேண்டுமா? ஜூஸ், கேக், மாத்திரை என்று எல்லா உறையிலும் அந்த எண் ஏறியது.

அதே பாஸ்டன் மையத்தில் ஜேம்ஸ் ஜோசப் குழுவினர் செய்த ஆய்வு ஒன்று 1999-இல் வந்தது. நம் விடுதிச் சண்டைக்காகவே செய்தது போன்ற ஆய்வு. 19 மாதக் கிழட்டு எலிகளுக்கு 8 வாரம் ஸ்பினாச், ஸ்ட்ராபெர்ரி, ப்ளூபெர்ரி இவற்றின் உலர்ந்த சாற்றை உணவில் கலந்து கொடுத்தார்கள். மூன்றுமே வயதால் வந்த தளர்ச்சியைக் குறைத்தன. ஆனால் நடை, சமநிலை போன்ற உடல் இயக்கத்தில் தேறியவை ப்ளூபெர்ரி தின்ற எலிகள் மட்டுமே.

ப்ளூபெர்ரிக்கு வெற்றி என்று இதைத்தான் எல்லோரும் எழுதினார்கள். அளவைப் பாருங்கள். மூன்று உணவிலும் ஓரேக் மதிப்பு சமமாக இருக்கும்படி கலந்திருந்தார்கள். அதற்கு ஒரு கிலோ உணவில் ப்ளூபெர்ரிச் சாறு 18.6 கிராம் தேவைப்பட்டது. ஸ்பினாச்சுக்கு 9.1 கிராம் போதும்! ஓரேக் சமமாக இருந்தும் விளைவு வேறுபட்டது என்றால், அந்த விளைவுக்குக் காரணம் ஓரேக் எண் அல்ல என்றுதானே அர்த்தம்? ப்ளூபெர்ரியில் வேறு ஏதோ நல்லது இருக்கலாம். உறையில் அச்சடித்த எண் அதைச் சொல்லவில்லை. அமெரிக்க வேளாண்துறை 2007-இல் வெளியிட்ட ஓரேக் பட்டியலை 2012-இல் அதுவே நீக்கிவிட்டது. குழாயில் நடப்பது உடம்பில் நடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, கம்பெனிகள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று காரணமும் சொன்னது.

அப்படியானால் கீரையைப் பற்றி முன்னோர் சொன்ன 'ரத்தம் ஊறும்' என்பதும் பொய்யா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது, அதில் நம் ஊரும் வருகிறது.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு ஒரு கடுமையான ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும். இவர்களுக்கோ அது பெருத்திருந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தபோது நோய் குணமானது. அதில் இருந்த பொருள் எது என்று அப்போது தெரியாததால் 'வில்ஸ் காரணி' என்று பெயர்.

1941-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூவர் நான்கு டன் ஸ்பினாச்சை அரைத்துப் பிழிந்து ஒரு புதிய அமிலத்தைச் சிறிதளவு பிரித்தார்கள். இலைக்கு லத்தீனில் ஃபோலியம். ஆகவே ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். வில்ஸ் தேடியதும் இந்த வகைச் சத்துதான் என்று பிறகு தெரிந்தது. இது இல்லாவிட்டால் ரத்த அணுக்கள் பிரிய முடியாமல் வீங்கிப்போகும். பாப்பாய் சிலை நிற்கும் அதே மாநிலத்தில், சிலை வைத்து நான்கு ஆண்டு கழித்து, கீரைக்கும் ரத்தத்துக்கும் உள்ள உண்மையான உறவு வெளியே வந்தது. ஆனால் கார்ட்டூன் கிடைத்தது இரும்புக்குத்தான்.

இப்போது 100 கிராமுக்குக் கணக்கைப் பாருங்கள். ஃபோலேட் ப்ளூபெர்ரியில் 6 மைக்ரோகிராம், ஸ்பினாச்சில் 194. வைட்டமின் கே 19-க்கு 483. வைட்டமின் சி-யில்கூட 10 மில்லிகிராமுக்கு 28. நார்ச்சத்து ஏறத்தாழ சமம். பெர்ரியில் 10 கிராம் சர்க்கரையும் அந்த நீல நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனினும் கூடுதல். கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்ன நாட்டில், இறக்குமதி பெர்ரி டப்பாவைவிட ஒரு கட்டுக் கீரை எவ்வளவோ மலிவு. இரும்பு மாத்திரை வேண்டியவர்களுக்கு அதையும் விட முடியாது, கீரை அதற்கு மாற்றல்ல.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஃபோலேட் தண்ணீரில் கரையும். கீரையைக் கொதிக்க வைத்து வடித்தால் ஏறக்குறைய பாதி தண்ணீரோடு போய்விடும். எங்கள் விடுதியில் அந்தப் பச்சைத் தண்ணீரை இன்றைக்கும் சாக்கடையில்தான் ஊற்றுகிறார்கள். சொல்லிப் பார்த்தேன், சமையல்கார அண்ணன் சிரிக்கிறார்.