பாயை நனைத்த பையனும் ஒடிந்த சவுக்கும்

 

ஏழு வயசுப் பையன் ஒருத்தனோட மொத்தக் குடும்பமும் கிளினிக்குக்கு வந்திருந்தது. பாட்டிதான் பேசினாங்க: "இன்னும் பாய நனைக்கிறான் டாக்டர். சூடு வெச்சா நின்னுடும்ல?"

இந்தக் கேள்வி நம்மூருக்கு மட்டும் சொந்தமில்லை.

1911இல் இங்கிலாந்தின் செயின்ட் சிப்ரியன்ஸ் விடுதிப் பள்ளியில் எட்டு வயசுப் பையன் எரிக் பிளேர் சேர்ந்தான். பின்னாளில் 'விலங்குப் பண்ணை' எழுதிய ஜார்ஜ் ஆர்வெல். போன கொஞ்ச நாளிலேயே படுக்கையை நனைக்க ஆரம்பிச்சுட்டான். நனைக்கக் கூடாதுன்னு கடவுளை வேண்டிக்கிட்டுத்தான் தினமும் படுப்பான். ஆனாலும் காலையில் ஈரம். தலைமையாசிரியர் குதிரைச் சவுக்கால் அடிச்சார். வெளியே வந்து நண்பர்களிடம் "வலிக்கல"ன்னு சொன்னது காதில் விழ, மறுபடி கூப்பிட்டு அடிச்சாங்க. இந்த முறை சவுக்கே ஒடிஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் அந்தப் பழக்கம் கிட்டத்தட்ட நின்னுடுச்சுன்னு ஆர்வெலே எழுதியிருக்கார். "பார்த்தீங்களா, அடி உதவுது"ன்னு சொல்ல வராதீங்க! அவன் நாலு வயசிலேயே நிறுத்தியவன். வீட்டை விட்டு விடுதிக்கு வந்ததும் மறுபடி வந்த பிரச்சினை அது. அந்த மாதிரி பிரச்சினை புது இடம் பழகினா தானாவே அடங்கக் கூடியது.

சின்ன வயசிலிருந்தே நிக்காத பிள்ளைகள் கதை வேற.

ஆர்வெல் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1952இல் அந்தக் கட்டுரை அச்சானது. அதே 1952இல் லான்செட் மருத்துவ இதழில் பௌல்டன் என்பவர் ஒரு சின்ன விஷயத்தைச் சொன்னார்: இந்தக் குழந்தைகளுக்கு ராத்திரியில் சுரக்கும் சிறுநீரின் அளவே ஒப்பீட்டளவில் அதிகமா இருக்கலாம். தப்பு பையன்கிட்ட இல்லை, சிறுநீரகத்துக்குப் போற உத்தரவில் இருக்கலாம்!

அந்த உத்தரவைக் கண்டுபிடிக்க இன்னும் முப்பது வருடத்துக்கு மேல ஆச்சு. 1980களில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் நோர்கார்ட், ரிட்டிக், யூர்ஹூஸ் ஆகியோர் ராத்திரி பகலா இரத்தத்தையும் சிறுநீரையும் அளந்தாங்க.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் வருது. "தண்ணியை வீணாக்காதே"ன்னு சிறுநீரகத்துக்குச் சொல்றது அதன் வேலை. பொதுவா தூக்கத்தில் இது கூடும், சிறுநீர் குறையும். அவங்க பார்த்த பிள்ளைகளில் பலருக்கு ராத்திரி அது கூடவே இல்லை. பகல் மாதிரியே சிறுநீர் சேருது, பை தாங்காம நிரம்புது.

எல்லாருக்கும் இதே காரணமும் இல்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை ராத்திரியில் அதிகம் பிடிக்காது, சீக்கிரமே சுருங்கிடும். சிலருக்கு மலச்சிக்கல். கட்டிப்போன மலம் பையை அழுத்தும். இதை நாங்களே சில நேரம் கேட்க மறந்துடறோம்.

எதுவா இருந்தாலும் பை நிரம்பினா முழிப்பு வரணும்ல? அதுதான் வரலை. 1904இல் ஃபௌண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், துணி நனைஞ்சா மணி அடிக்கும் கருவி ஒன்றை வார்டில் வெச்சார். நர்ஸ் வந்து துணி மாத்தத்தான். ஆனா பார்த்தா, பிள்ளைகள் நனைக்கிறதே குறைஞ்சுது! அந்த மணிதான் இன்னிக்கும் முக்கியமான சிகிச்சை.

ஐந்து வயசு வரை இது நோயே இல்லை. அதுக்கப்புறமும் ஒவ்வொரு வருடமும் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குத் தானாவே நிக்குது. ஆனா ஆறு மாசம் நின்னுட்டு திடீர்னு ஆரம்பிச்சு, கூடவே தாகமும் எடை குறைவும் இருந்தா அன்னைக்கே சர்க்கரை பாருங்க.

பரம்பரையும் உண்டு. 1973இல் பாக்வின் வெளியிட்ட கணக்குப்படி, பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு 44%, இரண்டு பேருக்கும்னா 77%.

அதனால பையனோட அப்பாகிட்ட, "உங்களுக்கு எப்போ நின்னுது?"ன்னு கேட்டேன். அவர் ஃபேனைப் பார்த்தார். பாட்டிதான் பதில் சொன்னாங்க: "இவனா? பத்து வயசு வரைக்கும்."