ஒலிவாங்கி வீடு வந்த வரலாறு

பேசும் யந்திரமாகிய ஃபோனோகிராஃபை எடிசன் 1877-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம், 'நார்த் அமெரிக்கன் ரெவ்யூ' என்னும் இதழில், அவ்யந்திரம் எதிர்காலத்தில் எவ்வெப் பணிகளுக்கு உதவும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். கடிதங்களைச் சொல்லிப் பதிந்துகொள்வது முதற்பயன். கண்பார்வையற்றோர் பிறர் துணையின்றிக் கேட்டுணரத்தக்க பேசும் புத்தகங்கள் இரண்டாவது பயன். சங்கீதத்துக்கு அவர் தந்தது நான்காவது இடந்தான்.

உலகம் இப்பட்டியலைத் தலைகீழாக்கிக்கொண்டது. சங்கீதம் முதலிடம் பெற்றுச் செல்வம் கொழித்தது. பேசும் புத்தகமோ கைகூட ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. இன்று அம்பத்தூரிலோ ஆவடியிலோ வசிக்கும் ஒரு கல்லூரி மாணவர், தம் வீட்டு மேசையின் முன் அமர்ந்து, அத்தகைய புத்தகம் ஒன்றைத் தம் குரலாலேயே ஆக்கித் தர இயலும். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய்வோம்.

தொடக்க காலத்தில் ஒலிப்பதிவுக்கு மின்சாரம் பயன்படவில்லை. அகன்ற வாயுடைய கொம்பு போன்ற குழல் ஒன்றின் முன் நின்று பாடகர் உரக்கப் பாடுவார். அவ்வொலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடிழைக்கும். மெல்லிய குரல் அதில் பதியாது. ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிஷங்களுக்கு மேல் இடமும் இராது. நூறு பக்கப் புத்தகம் ஒன்றை இம்முறையில் உரக்கக் கத்திப் பதிவது நடவாத காரியம். டெலிபோனில் பயன்பட்ட கார்பன் ஒலிவாங்கி குரலை மின்சாரமாக மாற்றியது உண்மையே. ஆயினும் அதிலிருந்து எந்நேரமும் ஓர் இரைச்சல் எழுந்துகொண்டிருந்தது.

இக்குறையைத் தீர்த்தவர் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய இ. சி. வெண்டி என்னும் விஞ்ஞானி. 1916-ஆம் ஆண்டில் அவர் உருவாக்கியதே கண்டென்சர் ஒலிவாங்கி. மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் இரண்டு தகடுகளின் சேர்க்கைக்குக் கண்டென்சர் என்று பெயர். கஞ்சிராவின் தோலைப் போல் இழுத்துக் கட்டிய மெல்லிய தகடு ஒன்று முன்னே இருக்கும். மயிரிழை இடைவெளி விட்டு, அசையாத தகடு ஒன்று பின்னே இருக்கும். குரல் பட்டதும் முன்தகடு அதிர்கிறது; இடைவெளி கூடிக் குறைகிறது; அதற்கேற்பத் தகடுகளுக்கிடையே மின்னழுத்தமும் கூடிக் குறைகிறது. முன்தகடு மிக இலேசானதாகையால் பெருமூச்சையும் முணுமுணுப்பையும் கூட விடாமல் பற்றிக்கொள்ளும்.

நன்மை பெரிது, அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் பெரிதாயிருந்தது. தகடுகளுக்கு ஓயாமல் மின்னூட்டம் தேவை. அதிலிருந்து வரும் மின்குறிப்பு மிக நலிந்தது; நீண்ட கம்பியில் அனுப்பினால் வழியிலேயே தேய்ந்துபோம். எனவே அதனைப் பெருக்கும் வால்வு ஒலிவாங்கியை ஒட்டியே இருத்தல் வேண்டும். 1928-இல் பெர்லின் நகரத்து கியார்க் நாய்மன் விற்பனைக்குக் கொணர்ந்த ஒலிவாங்கி, வால்வையும் உள்ளடக்கிப் புட்டி போன்ற பருமனுடன் விளங்கியதற்குக் காரணம் இதுவே.

ஆகவே நல்ல ஒலிப்பதிவுக்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதவை ஆயின. ஒலிவாங்கிக்கு ஊட்டும் மின்சாரம் ஒன்று. சூழ்ந்த அமைதி மற்றொன்று. பதிந்ததைச் சேமித்து வைக்கும் சாதனம் இன்னொன்று. இம்மூன்றையும் ஒருங்கே பெறுதல் தனிமனிதருக்கு எட்டாதிருந்தது. பெரிய நிறுவனங்களிடமே ஒலிவாங்கி தங்கியது.

சென்னையின் வரலாறும் இதையே காட்டுகிறது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண ரேடியோ கிளப், 1924 ஜூலை 31-ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927-இல் அது ஓய்ந்தது. 1930 ஏப்ரல் முதல் நாள் மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. பின்னாளில் ஆவடியில் அதன் உயர்சக்தி ஒலிபரப்புக் கருவிகள் நிறுவப்பட்டன. இதற்கிடையே, 1934-இல், நகரிலிருந்து மேற்கே செல்லும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் ஏ. நாராயணன் 'ஸ்ரீனிவாசா சினிடோன்' என்னும் பேசும்பட நிலையத்தை அமைத்தார். அங்கு உருவான 'ஸ்ரீனிவாச கல்யாணம்' படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய துணைவியார் மீனாட்சி நாராயணன். பெண்கள் யந்திரக் கலைகளில் இறங்காத அக்காலத்தில், குரலைக் காக்கும் பொறுப்பு ஒரு பெண்மணியின் கையில் இருந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

அதே 1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும், அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும், பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்கள் இசைத்தட்டு வடிவில் வெளிவந்தன. எடிசனின் இரண்டாவது பயன் ஒருவாறு நிறைவேறிற்று. இங்கிலாந்தின் தட்டுகள் நிமிஷத்துக்கு 24 சுற்று வீதம் மெல்லச் சுழன்று, பக்கத்துக்கு 25 நிமிஷம் பேசின. எனினும் ஒரு நாவலுக்குப் பல தட்டுகள் தேவைப்பட்டன. எந்தப் புத்தகத்தைப் பதிவது என்பதை நிறுவனமே முடிவு செய்தது.

நம் நாட்டில் பார்வையற்ற மாணவருக்குப் பிரெயில் எழுத்தே பெருந்துணையாயிற்று. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951-இல் அமைந்தது. பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும் அவ்வூரிலேயே இயங்குகிறது. பிரெயில் கற்றல் எழுத்தறிவின் அடித்தளம். அதற்கு ஈடாக வேறொன்றில்லை. ஆயினும் அச்சில் ஒரு தொகுதியாக உள்ள நூல் பிரெயிலில் பல தடித்த தொகுதிகளாக விரியும். கல்லூரிக்குச் செல்லும் மாணவர் நாடும் துணைநூல்கள் பல பிரெயிலில் வருவதே இல்லை. தேர்வு நெருங்கும்போது, படித்துக் காட்ட ஒருவர் கிடைப்பாரா என்று அவர் தேட நேர்கிறது. ஒருமுறை படித்ததைப் பதிந்து வைத்தாலோ, அவர் விரும்பிய வேளையில் விரும்பிய தடவை கேட்கலாம்.

இதற்கு வழி திறந்தவை மூன்று கண்டுபிடிப்புகள். 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்னும் இருவர், மின்னூட்டத்தை நிரந்தரமாகத் தன்னுள் வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டைக் கொண்டு எலெக்ட்ரெட் ஒலிவாங்கியைச் செய்தனர். கண்டென்சர் இனத்து ஒலிவாங்கி சிறிதாகவும் மலிவாகவும் ஆயிற்று. 1966-இல் நார்வே நாட்டு வானொலிக்காக நாய்மன் நிறுவனம் மற்றோர் உபாயம் செய்தது. அந்நிலையத்தில் அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் மின்சாரம் இருந்தது. அதனை, ஒலி வரும் அதே கம்பிகளின் வழியே ஒலிவாங்கிக்கு ஊட்டினர். தனிக் கம்பி கண்ணுக்குத் தென்படாமையால் இதற்கு 'ஃபாண்டம் பவர்' எனப் பெயர் வந்தது. 48 வோல்ட் என்னும் அந்த அளவே உலக வழக்காயிற்று.

மூன்றாவது, குரலை எண்ணாக மாற்றும் முறை. 1937-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த அலெக் ரீவ்ஸ் இதனை வகுத்தார். 1982-இல் வந்த காம்பாக்ட் டிஸ்க் இதனை வீடுதோறும் சேர்த்தது. ஒலியின் அளவை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்துக்கொள்வது அதன் இயல்பு. இவ்வாறு ஒற்றைக் குரலை ஒரு மணி நேரம் பதிந்தால், கணினியில் ஏறத்தாழ 318 மெகாபைட் இடம் பிடிக்கும். 32 ஜிகாபைட் கொள்ளும் விரலளவு பென் டிரைவில் நூறு மணி நேரப் பேச்சு அடங்கும். பழைய ஆங்கிலத் தட்டுகளில் அதற்கு நூற்றிருபது தட்டுகள் வேண்டியிருந்திருக்கும்.

இனி, வீட்டுக் கணினியுடன் இவ்வொலிவாங்கியை இணைக்கும் வகையைப் பார்ப்போம். கணினியின் சிறிய மைக் துளை சில வோல்ட்டுகளே தரும். 48 வோல்ட் வேண்டும் ஒலிவாங்கிக்கு அது போதாது. ஆகவே இடையே ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டி ஒன்று வேண்டும். மூன்று முனைகளுள்ள கேபிள் ஒலிவாங்கியிலிருந்து பெட்டிக்கும், யுஎஸ்பி கேபிள் பெட்டியிலிருந்து கணினிக்கும் செல்லும். மின்சாரம் ஊட்டுவது, குறிப்பைப் பெருக்குவது, எண்ணாக மாற்றுவது ஆகிய மூன்று வேலைகளையும் அப்பெட்டியே செய்கிறது. யுஎஸ்பி ஒலிவாங்கிகளில் இவை யாவும் உள்ளேயே அமைந்துவிடுகின்றன.

முதலில் ஒலியளவைக் குறைத்து, 48 வோல்ட் ஸ்விட்சை அணைத்த நிலையில் கேபிளைச் செருகுக. பின்னர் ஸ்விட்சைப் போடுக. கழற்றும்போது முதலில் ஸ்விட்சை அணைத்துச் சிறிது பொறுத்துக் கழற்றுக. பதிவு செய்ய ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. உரத்த இடங்களிலும் அளவுமானி சுழிக்குக் கீழே 12 டெசிபலை ஒட்டி நிற்குமாறு அமைத்துக்கொள்க. அளவு மீறிச் சிதைந்த குரலைப் பின்னர் எவ்வாற்றானும் சீராக்க இயலாது. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். சற்றே பக்கவாட்டில் பேசினால் பகர ஒலிகளின் மூச்சு தகட்டில் மோதாது.

மின்சாரமும் சேமிப்பும் இவ்வாறு கைக்கு எட்டிவிட்டன. அமைதியை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை, அம்பத்தூர், ஆவடி வழியாகவே சென்றது. இன்றும் அத்தடத்தில் மின்வண்டிகள் ஓடுகின்றன. 1960-களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் லாரிகள் வேறு. கண்டென்சர் ஒலிவாங்கி இவற்றையெல்லாம் கேட்கும். மின்விசிறியையும் அடுத்த வீட்டு குக்கர் விசிலையும் கேட்கும். இரவின் பின்பகுதியைத் தேர்ந்து, சன்னல்களை மூடி, விசிறியை நிறுத்தி, சுவரோரம் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தால் அறையின் எதிரொலி பெரிதும் அடங்கும். நம் ஊரின் ஈரக் காற்று தகட்டுக்குப் பகை. வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் இட்ட பெட்டியில் ஒலிவாங்கியை வைப்பது நலம்.

சட்டமும் இப்போது துணை நிற்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட நம் காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்க வடிவில் நூல்களை இலாபநோக்கமின்றி ஆக்கித் தர இடமளிக்கிறது. 2013-இல் மராகேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கையை முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. அது நடந்தது 2014-இல். 2016-இல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்னும் இணைய நூலகமும் தொடங்கப்பெற்றது.

கணினியே நூலைப் படித்துக் காட்டுமே, மனிதர் எதற்கு என்று சிலர் வினவலாம். செய்தித்தாளை அது நன்றாகவே படிக்கும். சந்தி பிரித்துச் சீர் நிறுத்திப் படிக்க வேண்டிய சங்கச் செய்யுளிலும், படமும் அட்டவணையும் நிறைந்த பாடத்திலும், பொருளுணர்ந்த மனிதக் குரலின் உதவி பெரிது. படிப்பவர் பக்க எண்ணைச் சொல்ல வேண்டும். படத்தில் உள்ளதைச் சுருக்கமாக விளக்க வேண்டும். அருஞ்சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். எந்த நூல் தேவை என்பதை முதலில் கேட்பவரிடமே கேட்டறிதல் முறை.

அம்பத்தூரிலிருந்து பூவிருந்தவல்லி தொலைவில்லை. விடுமுறையில் நாளுக்கு அரைமணி நேரம் படித்தால், ஒரு மாதத்தில் பதினைந்து மணி நேரப் பேச்சு சேரும். ஒரு பாடநூலின் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். ஒரு காலத்தில் பெருநிறுவனங்கள் மட்டுமே செய்ய முடிந்த பணி அது. அதனைச் செய்வதற்குரிய கருவி இப்போது மாணவர் மேசைக்கு வந்திருக்கிறது.