முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள்

"முட்டுக்கட்டை போடாதே"ன்னு திட்டு வாங்காத தமிழன் உண்டா? நல்ல காரியத்தைத் தடுக்கிறவன், வேண்டாதவன் என்ற அர்த்தத்தில்தான் இந்த வார்த்தையைப் பயன்படுத்துகிறோம். பாவம், அந்தக் கட்டைக்கு நாம் செய்த அநியாயம் இது.

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நாலு சித்திரை வீதிகளையும் சுற்றி வரும் தேரை இழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிப்பார்கள். இழுக்கிறவர்களுக்குத் தேர் முதுகுப்பக்கம். நிறுத்துகிற வேலை அவர்களுடையது இல்லை. சக்கரத்தின் ஓரமாகவே ஒரு சில பேர் கையில் மரக்கட்டையோடு நடந்து வருவார்கள் பாருங்கள், அவர்கள் கையில்தான் தேரே இருக்கிறது. எங்கே கட்டையைக் கொடுக்கணும், எப்போது எடுக்கணும், முக்கில் எந்தச் சக்கரத்துக்குக் கொடுத்தால் தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்று அத்தனையும் அவர்களுக்கு அத்துப்படி. கொஞ்சம் தப்பினால் கை போகும், காலும் போகும்.

திருவாரூர் ஆழித்தேர் கதை இன்னும் சுவாரசியம். 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்று சொல்லப்படும் தேர் அது. அவ்வளவு பெரிய தேருக்கு மரக்கட்டை மட்டும் போதாது என்று இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தினார்கள். செய்தது யார் தெரியுமா? நம்ம திருவெறும்பூர் பி.எச்.இ.எல்.காரர்கள்தான்! பாய்லர் செய்கிற ஊர் தேருக்கு பிரேக் செய்து கொடுத்திருக்கிறது. திருச்சிக்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

சரி, தேர்ப் புராணம் இப்போது எதற்கு என்கிறீர்களா? எங்கள் வீதிப் பையன் ஒருத்தன் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் முதல் தடவையாக 'டிராக் டே'க்குப் போகிறான். பந்தயம் இல்லை. பணம் கட்டினால் நம்ம வண்டியையே பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க விடுவார்கள், கூடவே சொல்லியும் கொடுப்பார்கள். "மாமா, சைலன்சர் மாத்தினா எவ்ளோ பிக்கப் ஏறும்? ஏர் ஃபில்டர் எது போடலாம்?" என்று ஒரு வாரமாகக் கேள்வி. பிரேக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் நம்ம ஊர் மோட்டார் பந்தய சரித்திரமே, என்னைக் கேட்டால், நிறுத்தக் கற்றுக்கொண்ட சரித்திரம்தான்.

விமானம் விட்டுப் போன இடம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உலகம் முழுக்க ஏகப்பட்ட விமான ஓடுதளங்கள் சும்மா கிடந்தன. நீளமான, அகலமான, நேரான பாதை. மோட்டார் பைத்தியங்கள் விடுவார்களா? இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் அப்படி வந்ததுதான். போர்க்கால விமானத் தளத்தில் 1948-ல் பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீ நடந்தது. 1950 மே 13-ஆம் தேதி முதல் உலக சாம்பியன்ஷிப் பந்தயமும் அங்கேயேதான்.

நம்ம பக்கத்து சில்வர்ஸ்டோன், சோழவரம். சென்னைக்கு வடக்கே கல்கத்தா ரோட்டில் செங்குன்றம் தாண்டி வருமே, அதே சோழவரம்தான். போர்க்காலத்தில் போட்ட விமானத்தளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. அதன் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் தென்னிந்தியாவில் ரேஸ் என்றால் சோழவரம்தான். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டு வந்து அங்கே ஓட்டினார். ஃபார்முலா ஒன் என்ற பெயரையே நம்மில் பாதிப்பேர் கேள்விப்படாத காலம் அது.

ஓடுதளத்தில் ஒரு சிக்கல் உண்டு. விமானத்துக்குப் போட்ட பாதையில் வளைவு ஏது? 'டி' எழுத்து மாதிரி இரண்டு பாதைகள் சேருகிற இடத்தில்தான் திருப்பம். அதாவது, நீளமான நேர்பாதையில் முழு வேகத்தில் வந்து, கடைசியில் பிரேக்கை அழுத்திப் படக்கென்று திரும்ப வேண்டும். இன்ஜின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த முக்கில் நிறுத்தத் தெரியாதவன் நேராகப் புல்லுக்குள் போய்ச் சேருவான். அங்கே ஜெயிக்கத் திராட்டில் மட்டும் போதாது.

வைக்கோல் கட்டு போன கதை

அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பந்தயத் தடங்களில் பாதுகாப்பு என்றால் வைக்கோல் கட்டுதான். மெத்தென்று இருக்கும், விலையும் மலிவு. ஆனால் வைக்கோல் எரியும் இல்லையா? 1967 மே மாதம் மொனாக்கோவில் இத்தாலிய வீரர் லொரென்சோ பாந்தினியின் ஃபெராரி தடுப்பில் மோதிக் கவிழ்ந்து தீப்பிடித்தது. ஓரத்திலிருந்த வைக்கோலும் சேர்ந்து எரிந்தது. மூன்று நாள் கழித்து அவர் இறந்து போனார். அதன் பிறகுதான் ஃபார்முலா ஒன்னில் வைக்கோல் கட்டுகளை ஒழித்துக் கட்டினார்கள்.

அதற்கு முந்தைய வருஷம் பெல்ஜியத்தில் ஸ்பா தடத்தில் அடிபட்ட ஜாக்கி ஸ்டூவர்ட், பெட்ரோலில் நனைந்தபடி காருக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தார். பிழைத்து வந்ததும் தடுப்பு வேலி, டாக்டர், ஆம்புலன்ஸ், சீட் பெல்ட் என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டார். "பயந்தாங்கொள்ளி"ன்னு அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு. முட்டுக்கட்டை போடுகிறவனுக்கு எந்த ஊரிலும் நல்ல பெயர் கிடையாது போல!

இன்றைக்கு எந்தத் தடத்துக்குப் போனாலும் வளைவுக்கு வெளியே காலி இடம், ஜல்லிப் படுகை, டயர் அடுக்கு எல்லாம் இருக்கும். அவை வந்ததற்குப் பின்னால் இப்படிப் பல பேருடைய உயிர் இருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டை

ஓடுதளத்தை நம்பி இருந்தது போதும் என்று மெட்ராஸ் கிளப் சொந்தமாக இடம் வாங்கி ஒரு தடம் போட்டது. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டை. 1990-லிருந்து அங்கே பந்தயம் நடக்கிறது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். (கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே திருச்சிக்குப் பக்கம்தான், ஆனால் சுமார் 2 கிலோமீட்டர்தான் நீளம். வேகம் பார்க்க வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டை.)

நாராயண் கார்த்திகேயன் பழகிய மண் இது. 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர். அந்த வருஷம் ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ். அங்கே சாய்வான, அதிவேக வளைவு ஒன்று உண்டு. அதன் அழுத்தத்தை மிஷெலின் டயர்கள் தாங்காது என்று பயிற்சியின்போதே தெரிந்துவிட்டது. என்ன நடந்தது தெரியுமா? சம்பிரதாயச் சுற்று ஒன்று ஓட்டிவிட்டு, அந்த டயர் போட்ட 14 கார்களும் பந்தயத்துக்கு முன்னாலேயே உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. நாராயண் நாலாவதாக வந்து 5 புள்ளி எடுத்தார்.

ஆறு பேர் ஓடி நாலாவது என்று நம்மவர்களே கேலி செய்தார்கள். நான் அந்தப் பதினாலு பேரைத்தான் அதிகம் யோசிப்பேன். லட்சத்துக்கும் மேல் கூட்டம், உலகமே டிவியில் பார்க்கிறது, கோடிக்கணக்கில் பணம். அத்தனையையும் மீறி "டயர் சரியில்லை, ஓட மாட்டோம்"னு சொல்ல ஒரு தைரியம் வேண்டும். டிராக்குக்குப் போகிறவன் மனசில் முதலில் ஏற்றிக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான். வண்டியில் சந்தேகம் வந்தால் உள்ளே வந்துவிடு. வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

சரி, என்ன தயார் பண்ணணும்?

பையனுக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

முதலில் பிரேக் ஆயில். இது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் சரக்கு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். தில்லைநகரில் சிக்னலுக்கு சிக்னல் நிறுத்தும்போது இது தெரியாது. டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப அழுத்தும்போது உள்ளே கொதித்து ஆவியாகிவிட்டால், லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. புது ஆயில் சில நூறு ரூபாய்தான். சைலன்சர் காசில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

அடுத்து பிரேக் பேட், டயர், செயின் தளர்வு, ஆயில் கசிவு. கசிவு உன் பிரச்சினை மட்டும் இல்லை, பின்னால் வருகிறவன் உயிர். டயர் காற்று அங்கே இருப்பவர்கள் சொல்கிற அளவு. ஹெட்லைட்டுக்கு டேப் ஒட்டணும், கண்ணாடிகளைக் கழற்றணும். விழுந்தால் சில்லு பாதையில் சிதறக் கூடாது. பின்னால் யார் வருகிறார் என்ற கவலையும் குறையும், முன்னால் மட்டும் பார்ப்பாய். முழு முக ஹெல்மெட், தோல் உடை, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் கட்டாயம். இரவல் வாங்கினாலும் அளவு சரியாக இருக்கணும்.

கொடிகளைப் படித்துக்கொள். மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். அப்போதும் சடாரென்று பிரேக் அடிக்காமல், கை தூக்கிக் காட்டி மெதுவாக உள்ளே வரணும்.

கடைசியாக ஒரு கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நாலு மடங்கு. நல்ல பிரேக் பிடித்து 60-ல் வரும் வண்டி சுமார் 17 மீட்டரில் நிற்கும் என்றால், 120-ல் வருவது 68 மீட்டர் கேட்கும். இது பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம். யோசிக்கிற ஒரு நொடிக்கு இன்னொரு 33 மீட்டர் போய்விடும்.

கீத் கோட் என்ற அமெரிக்கர் 1980-ல் தொடங்கிய ஒரு புகழ்பெற்ற பைக் பள்ளியில் முதல் பாடம் என்ன தெரியுமா? ஒரே கியர், பிரேக்கைத் தொடவே கூடாது! எனக்கும் முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது. பிரேக் இல்லையென்றால் வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே வேகத்தை யோசித்தாக வேண்டும். கட்டையை எப்போது கொடுப்பது என்று தேர்க்காரர் முன்கூட்டியே கணக்குப் போடுகிற மாதிரி.

இவ்வளவு செய்தாலும் டிராக் ஆபத்தில்லாத இடம் ஆகிவிடாது. 2023-ல் மட்டும் இதே தடத்தில் இரண்டு சாவு. ஜனவரியில் 59 வயது அனுபவசாலி கார் வீரர். ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த பைக் வீரர், வயசு வெறும் 13. அனுபவமும் காப்பாற்றவில்லை, இளமையும் காப்பாற்றவில்லை.

அப்படியானால் போகாதே என்று சொல்லலாமா? நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி சமயபுரம், பாடாலூர் வரைக்கும் ராத்திரியில் பையன்கள் பறக்கிறார்களே, அங்கே கொடி காட்ட ஆள் இல்லை. ஜல்லிப் படுகைக்குப் பதில் புளியமரமும் எதிரே நின்றுகொண்டிருக்கும் லாரியும். ஆசை எப்படியும் எங்காவது ஓடத்தான் போகிறது. கட்டை பிடித்துக் கூடவே நடக்க ஆள் இருக்கிற இடத்தில் ஓடட்டும் என்பதுதான் என் கட்சி.