ஆள்காட்டி

குளக்கரை, வயல், கரம்பு எனத் திறந்த வெளிகளில் வாழும் தரைப்பறவை. இலங்கையின் கிழக்கில் ஆக்காண்டி என்பார்கள். தமிழ்நாட்டில் இரண்டு இனங்களைப் பரவலாகக் காணலாம். சிவப்பு மூக்கு ஆள்காட்டி நீர்நிலைகளை ஒட்டியும், மஞ்சள் மூக்கு ஆள்காட்டி வறண்ட மேட்டு நிலத்திலும் இரை தேடும். முன்னது ஏறத்தாழ 33 செ.மீ. நீளமுள்ளது, தலையும் மார்பும் கறுப்பு, முதுகு பழுப்பு, நெடிய கால்கள் மஞ்சள். பின்விரல் மிகச் சிறுத்திருப்பதால் கிளையைப் பற்றி உட்கார வராது. உறங்குவதும் குஞ்சு பொரிப்பதும் மண்ணில்தான்.

கூடு என்பது தரையில் ஒரு சிறு பள்ளம். சுற்றிலும் கூழாங்கல், ஆட்டுப் புழுக்கை. பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். மண்ணிறத்தில் கரும்புள்ளி இட்ட அவை காலடியில் கிடந்தாலும் கண்ணில் படா. கோடை வெயிலில் பெற்றோர் வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதுண்டு. ஆளோ நாயோ நெருங்கினால் தலைக்கு மேல் வட்டமிட்டு ஓயாமல் கத்தும். சிறகொடிந்ததுபோல் நொண்டிக்காட்டி வந்தவரைத் திசைதிருப்பும்.

அந்தக் கத்தலை மனிதர் நெடுங்காலமாகக் காதில் வாங்கியிருக்கிறார்கள். நிலா வெளிச்சத்தில் இது குரல் கொடுத்தால் யாரோ வருகிறார்கள் என்று கொள்வது ஊர் வழக்கம். பதுங்கி வரும் வேட்டைக்காரருக்கு இதைக் கண்டாலே ஆகாது. சங்கப் பாடல்களின் கணந்துள் இப்பறவையே என்பர். குறுந்தொகையில் அது பாலை வழியில் போவோரை எச்சரிக்கிறது. நற்றிணையில் வேடன் விரித்த வலைக்கு அஞ்சி எழுப்பும் அதன் குரல், கூத்தரின் யாழிசையோடு கலக்கிறது. கேட்டுப் பழகிய செவிக்கே இத்தகைய வரிகள் வாய்க்கும்.

வானம் விழாமல் தாங்கக் காலை மேலே தூக்கி மல்லாந்து உறங்கும் என்ற கதை இந்தியாவில் பல இடங்களில் உண்டு. உண்மையில் அப்படி உறங்குவதில்லை. மேட்டில் முட்டையிட்டால் அந்த ஆண்டு நல்ல மழை என்று குஜராத், ராஜஸ்தான் உழவர்கள் கணிப்பார்கள். பஞ்சதந்திரத்தில் முட்டைகளைக் கொண்டுபோன கடலையே எதிர்த்து நின்று மீட்கும் இணையாக வருகிறது.

கிழக்கிலங்கை நாட்டுப்பாடலிலோ முட்டையிட்ட இடத்தைச் சொல்லி, குஞ்சுகளுக்கு இரை தேடிப்போய்க் கண்ணியில் சிக்கிய தாயாகப் பேசுகிறது. அந்தப் பாடலின் அடியொற்றிக் கவிஞர் சண்முகம் சிவலிங்கம் ‘ஆக்காண்டி’ என்றொரு கவிதை எழுதினார்.