உள்ளூர்க் காவல்துறை மேலாண்மை ஆலோசனை (ஐக்கிய அமெரிக்கா)

உள்ளூர்க் காவல்துறை மேலாண்மை ஆலோசனை என்பது ஐக்கிய அமெரிக்காவில் நகர, கவுண்டி காவல் அமைப்புகளின் நிர்வாகத்தை வெளி வல்லுநர்கள் ஆராய்ந்து, அதனைச் சீர்செய்ய வழி கூறும் பணி ஆகும். ஆள்பலம், சுற்றுக்காவல், பயிற்சி, பதிவேடுகள், பலப்பிரயோக விதிகள், ஒழுங்கு நடவடிக்கை முதலியன இவ்வாய்வுக்கு உட்படும். அந்நாட்டில் ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை சிறிய உள்ளூர் அமைப்புகள். தமக்கெனத் தனி ஆய்வுப் பிரிவு வைத்துக்கொள்ள இயலாதவை. எனவே வெளியாரின் உதவி தேவைப்படுகின்றது.

வரலாறு

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவல் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர் (1876–1955) இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். அவர் பல நகரங்களின் காவல்துறைகளை ஆராய்ந்து அறிக்கைகள் அளித்தார். அவருடைய மாணவர் ஓ. டபிள்யூ. வில்சன் 1950 இல் வெளியிட்ட காவல் நிர்வாக நூல் நெடுங்காலம் பாடநூலாக விளங்கியது.

1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கூட்டரசு உள்ளூர்க் காவல்துறைகளுக்கு நிதியும் தொழில்நுட்ப உதவியும் அளிக்கத் தொடங்கியது. 1970 இல் போர்டு அறக்கட்டளையின் நிதியுடன் போலீஸ் பவுண்டேஷன் என்னும் ஆய்வு நிறுவனம் தோன்றியது.

செயல்முறை

ஆய்வாளர்கள் பதிவேடுகளைத் திரட்டுவர். காவலர்களையும் பொதுமக்களையும் நேர்காண்பர். சுற்றுக்காவல் வண்டிகளில் உடன்செல்வர். ஆள்பலத்தைக் கணிக்க, மக்கள்தொகை விகிதத்தைவிடப் பணிச்சுமையே பொருத்தமான அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. ஒவ்வொரு மணி நேரத்திலும் எத்தனை அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் செலவாகின்றது என்பவற்றிலிருந்து தேவைப்படும் காவலர் எண்ணிக்கை பெறப்படுகின்றது.

கான்சாஸ் நகரச் சோதனை

வழக்கமாகக் கூறப்படும் அறிவுரையும் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதற்கு மிசூரி மாநிலக் கான்சாஸ் நகரம் சான்றாகும். அங்கு 1972–73 இல் போலீஸ் பவுண்டேஷனின் துணையுடன் 15 சுற்றுக்காவல் பகுதிகள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒன்றில் வழக்கமான சுற்றுக்காவல் நிறுத்தப்பட்டு, அழைப்பு வந்தால் மட்டும் காவலர் சென்றனர். இன்னொன்றில் சுற்றுக்காவல் இரண்டு முதல் மூன்று மடங்காக்கப்பட்டது. மூன்றாவதில் மாற்றம் செய்யப்படவில்லை. குற்றங்களிலோ மக்களின் அச்சத்திலோ பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வண்டிகளைக் கூட்டினால் குற்றம் குறையும் என்னும் நம்பிக்கை இதனால் கேள்விக்குள்ளானது.

கட்டுப்படுத்தும் தன்மை

ஆலோசனை அறிக்கைகள் சட்டப்படி கட்டுப்படுத்துவன அல்ல. 1994 ஆம் ஆண்டுச் சட்டம், தொடர்ந்து உரிமைகளை மீறும் காவல்துறை மீது வழக்குத் தொடரக் கூட்டரசு நீதித்துறைக்கு அதிகாரம் அளித்தது. அத்தகைய வழக்குகளில் ஏற்படும் இணக்க ஆணைகளை நீதிமன்றம் மேற்பார்வையிடும். ஆலோசனைக்கு அத்தகைய பின்பலம் இல்லை. காவல் தலைவர் மாறினாலோ நிதி நின்றாலோ பரிந்துரைகள் ஏட்டளவில் நின்றுவிடக்கூடும்.

சான்பிரான்சிஸ்கோ இதற்கு எடுத்துக்காட்டு. அந்நகரக் காவல்துறையை ஆராய்ந்த கூட்டரசு அமைப்பு 2016 அக்டோபரில் 272 பரிந்துரைகளை அளித்தது. 2017 செப்டம்பரில் கூட்டரசு அத்திட்டத்தின் நோக்கத்தைச் சுருக்கியதால் பரிந்துரைகளின் நிறைவேற்றத்தைக் கண்காணிக்க எவரும் இல்லாத நிலை ஏற்பட்டது. 2018 பெப்ரவரியில் நகரம் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கலிபோர்னியா மாநில நீதித்துறை அப்பொறுப்பை ஏற்றது.