சித்தப்பாவின் ஜீப்பும் ஒரு பம்பர் ஓட்டையும்

போன தை மாதம் தம்பி மகன் ஒரு தாளோடு வந்தான். பெங்களூர் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில் வாங்கிய எஸ்டிமேட். பவர் ஸ்டீயரிங், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பெரிய டயர், டர்போ டீசல் எஞ்சின், வலது பக்க ஸ்டீயரிங், முன்னால் வின்ச் வைத்த கனமான இரும்பு பம்பர். "பெரியப்பா, சின்ன தாத்தா ஜீப்பு கொட்டாயில துருப்பிடிச்சுக் கிடக்குது. நான் செலவு பண்றேன். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க" என்றான்.

அதே மாதம் பழைய வண்டிகள் சேகரிக்கும் ஒருவர் வந்து பார்த்தார். அவருடைய யோசனை நேர் எதிர். "இந்த டீசல் எஞ்சினைத் தூக்கிப் போடுங்க சார். நான் அசல் பெட்ரோல் எஞ்சின் தேடித் தர்றேன். ஃபேக்டரியிலிருந்து வந்த மாதிரி ஆக்கிடலாம். பம்பர்ல ஓட்டை கிழிஞ்சிருக்கு, அதையும் மாத்திடலாம்."

இரண்டு பேருமே அந்த பம்பரை எடுக்கச் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வண்டியின் கதை.

எங்கள் ஜீப் 1965-ல் செய்த மகிந்திரா சி.ஜே. 3பி. பானெட் உயரமாக, முகம் நீண்டு தெரியும் மாடல். நம் வயதுக்காரர்கள் தாசில்தார் ஆபீஸ் வாசலிலும் பி.டி.ஓ. ஆபீஸ் வாசலிலும் பார்த்த அதே ஜீப். பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். லாரியை ஓவர்டேக் செய்ய வேண்டுமென்றால் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து "போலாம்" என்று சொல்ல வேண்டும். சித்தப்பா வண்டியில் அந்த வேலை பல வருஷம் எனக்கு.

'அசல்' என்று சேகரிப்பாளர் சொன்னாரே, ஜீப் விஷயத்தில் அசல் எது என்று பார்த்தால் தலை சுற்றும். 1940-ல் அமெரிக்க ராணுவம் கேட்டபடி முதல் வண்டியைச் செய்து கொடுத்தது பான்டம் என்ற சின்ன கம்பெனி. ராணுவம் அந்த வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தது. வில்லிஸின் 60 குதிரைத்திறன் எஞ்சின் ஜெயித்தது. பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போயிற்று. பிறகு ஃபோர்டும் அதே வண்டியைச் செய்தது. ஜீப்பின் முகம் என்று நாம் நினைக்கிற, தகட்டில் வெட்டு வெட்டாக அச்சடித்த கிரில் ஃபோர்டு செய்தது. வில்லிஸ் முதலில் இரும்புப் பட்டைகளை வெல்டிங் வைத்துத்தான் கிரில் செய்தது. ஃபோர்டின் தகடு மலிவாகவும் லேசாகவும் இருந்ததால் அதை எடுத்துக்கொண்டது. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்தன. இதன் பாகம் அதற்குப் பொருந்தும் என்பதால், போர்முனையில் ஒன்றின் பாடியை இன்னொன்றின் சேஸிஸில் ஏற்றி ஓட்டினார்கள்.

நம் நாட்டில் ஜீப்பைப் பரப்பியது மகிந்திரா. 1945-ல் மகிந்திரா சகோதரர்கள் இருவரும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து தொடங்கிய 'மகிந்திரா அண்டு முகமது' கம்பெனிதான் அது. பிரிவினைக்குப் பிறகு குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சராகவும், பின்னர் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். இங்கே கம்பெனி 1948-ல் 'மகிந்திரா அண்டு மகிந்திரா' ஆயிற்று. வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கி பம்பாயில் கோத்து விற்றார்கள்.

அதே 1948-ல்தான் அந்த ஜீப் ஊழலும். லண்டனில் ஹை கமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் ராணுவத்துக்காக வாங்க ஏற்பாடு செய்தது ரீகண்டிஷன் செய்த பழைய ஜீப்புகள். 155 வந்து இறங்கின. ஓடும் நிலையில் இல்லை என்று ராணுவம் ஏற்க மறுத்தது. பார்லிமென்டில் பெரிய அமளி. 1955-ல் விவகாரம் முடிந்ததாக அரசு அறிவித்தது, மறு வருஷம் மேனன் மந்திரியானார். 'புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த 155 ஞாபகம் வரும்.

சி.ஜே. 3பி-யும் ஒரு மாற்றத்தில் பிறந்ததுதான். பழைய எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கில், பக்கவாட்டில் இருந்தன. 1950களில் வில்லிஸ் உள்ளிழுக்கும் வால்வை மட்டும் ஹெட்டுக்கு மாற்றியது. திறன் 70 குதிரைக்கு மேல் போனது, எஞ்சின் உயரமும் கூடிவிட்டது. பழைய பானெட் மூடவில்லை. வண்டியைப் புதிதாக வரைவதை விட்டு, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1968-ல் இந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். ஜப்பானில் மிட்சுபிஷி இதன் வழி வந்த ஜீப்பை 1998 வரை செய்தது. மகிந்திராவும் பெயரையும் எஞ்சினையும் மாற்றி மாற்றிப் பல பத்தாண்டு ஓட்டியது.

எங்கள் வண்டி மைசூர் மாநிலத்து எண்ணோடு பிறந்தது. பெங்களூரில் ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து 1969-ல் சித்தப்பா வாங்கினார். அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டம். அதற்கு நாலு வருஷம் முன்பு வரை சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி மாவட்டம் வந்தது 2004-ல். வண்டி நின்ற கொட்டாய் ஒரு அடி நகரவில்லை, ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் சீல் மாறிக்கொண்டே வந்தது.

தேன்கனிக்கோட்டைக்கு மேற்கே சித்தப்பாவுக்கு நிலம். ராகி, கொள்ளு, கிணற்றுத் தண்ணீர் இருந்த இடத்தில் தக்காளி. அஞ்செட்டி பக்கம் மழை பெய்தால் ஃபோர் வீல் போடாமல் நகர முடியாது. டிரெய்லரில் தக்காளிப் பெட்டி ஏற்றி பெங்களூர் கலாசிப்பாளையம் வரை போவார். பாரத்துக்காகப் பின்பக்கம் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டார். டிரெய்லர் கொக்கியை உள்ளூர்ப் பட்டறையில் அடித்துப் பொருத்தினார். 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியதும் ஜீப் வைத்திருந்தவர்கள் திணறினார்கள். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் வழி வந்த டீசல் எஞ்சினை மகிந்திராவே ஜீப்பில் பொருத்தத் தொடங்கியது. 1979-ல் சித்தப்பாவும் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு அந்த டீசல் எஞ்சினை வைத்தார். ஆனேக்கலில் இருந்த கன்னட மெக்கானிக் ஒருவர் செய்த வேலை. ஜே.சி. ரோட்டில் பாகம் வாங்கி, மவுன்ட்டை அவரே வெட்டி வெல்டிங் வைத்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் ஏற்றியாயிற்று. சத்தம் காது கிழியும். ஆனால் சித்தப்பா விவசாயத்தைத் தொடர்ந்தது அந்த எஞ்சினால்தான்.

இப்போது பம்பர்.

1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு 11-ஆம் தேதி கெஜட்டில் வந்தது. மறுநாளே பெங்களூரில் கலவரம். அங்கிருந்து தமிழர்கள் மூட்டை முடிச்சோடு ஓசூருக்கு வந்துகொண்டிருந்ததை நம்மில் பலர் கண்ணால் பார்த்தோம். அந்த நேரம் ஜீப் கியர் பாக்ஸ் வேலைக்காக ஆனேக்கலில் நின்றது. தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டோடு. வண்டி எரிந்திருக்கும் என்றே முடிவு கட்டிவிட்டோம். மெக்கானிக்கிடம் போன் கிடையாது. பத்து நாள் கழித்து ஒரு விடியற்காலை அவரே ஜீப்பை ஜூஜுவாடி வரை ஓட்டி வந்து, ஒரு டீக்கடைக்காரரிடம் சொல்லி அனுப்பினார். சத்தம் கேட்ட முதல் நாளே பிளேட்டை எடுக்கப் பார்த்திருக்கிறார். போல்ட் துருப்பிடித்துத் திரும்பவில்லை. உளியை வைத்து அடித்துப் பெயர்த்ததில் பம்பர் கிழிந்துவிட்டது. பிறகு வண்டியைத் தள்ளி உள்ளே நிறுத்தி, தார்ப்பாய் போட்டு, மேலே வைக்கோல் அடுக்கியிருக்கிறார். சித்தப்பாவிடம் அவர் வருத்தப்பட்டது பம்பர் கிழிந்ததற்கு. "வேறே போட்டுத் தர்றேன் சாமி" என்றார். சித்தப்பா வேண்டாம் என்றுவிட்டார். கியர் பாக்ஸ் வேலைக்கான கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

தம்பி மகனுக்கு இந்தக் கதை தெரியாது. அவன் பிறந்தது அதற்கப்புறம். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி பெரியப்பா, பம்பர் இருக்கட்டும். பிரேக்குக்கு என்ன சொல்றீங்க?" என்றான்.

அந்தக் கேள்வி நியாயமானது. பழைய டிரம் பிரேக். ஒரே குழாய் வழி. எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரமும் போச்சு. கன்டெய்னர் லாரிகள் விரட்டும் இன்றைய ஹைவேயில் அதை நம்பி இறங்குவது முட்டாள்தனம். பழசு என்பதற்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல நான் யார்?

சட்டத்தையும் பார்த்தோம். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு கேரள வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. அதே வருஷத்துச் சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. வொர்க்‌ஷாப்காரர் எஸ்டிமேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. சேகரிப்பாளர் சொன்ன வழியும் சுலபமில்லை. 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' என்ற விண்டேஜ் எண் வாங்கலாம். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. வாங்கினாலும் தினசரி ஓட்ட முடியாது. எங்கள் ஜீப் 1979-லேயே அந்த வரிசையிலிருந்து விலகிவிட்டது.

பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-ல் 'டூரின் சாசனம்' என்று ஒன்றை ஏற்றது. வண்டி உழைத்த காலத்தில் நடந்த மாற்றங்களும் அதன் சரித்திரம் என்பது அதன் போக்கு. இன்று நாம் ஏதாவது செய்தால் பிறகு பழையபடி திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும், கழற்றிய பாகங்களை வண்டியோடு வைத்திருக்க வேண்டும். இதைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. டீசல் எஞ்சினையும் கொக்கியையும் கூடுதல் பட்டையையும் குறையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே எஞ்சின் அப்படியே இருக்கும். ஸ்டீயரிங் இடப்பக்கமே. பிரேக்குக்கு அதே டிரம்; குழாய்கள், சிலிண்டர் கிட், லைனிங் எல்லாம் புதிது. வயரிங் முழுக்க மாற்றுகிறோம், எலி கடித்தது போக மிச்சம் எதுவுமில்லை. சீட் பெல்ட் போல்ட் போட்டு வைக்கிறோம். வண்டி ஹைவேயில் ஏறாது. தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி ரோடுகளோடு சரி. தம்பி மகனுக்குப் பெரிய டயர் ஆசை போகவில்லை. வேறு புது வண்டி வாங்கி அதில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சேகரிப்பாளரிடம் வேண்டாம் என்று போனில் சொன்னேன். விலையைக் கூட்டிச் சொல்லிப் பார்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை பம்பரைக் கழற்றித் துரு சுரண்டினோம். ஓட்டையின் ஓரம் கை கிழிக்கும்படி கூராக இருந்தது. அரம் போட்டு லேசாக மழுக்கி, ரெட் ஆக்சைடு அடித்து, திரும்ப மாட்டினான். நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு துளை போட்டுக்கொண்டோம். எஃப்.சி.க்கு இன்னும் நாள் இருக்கிறது. கியர் பாக்ஸைப் பார்க்க ஆனேக்கல் மெக்கானிக்கின் மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா காலமாகிவிட்டாராம், அதே ஷெட்டில்தான் இவரும் வேலை செய்கிறார்.