உயில் எழுத வழக்கறிஞர் கட்டாயமா?

உயில் என்றால் வசதி படைத்தவர்களின் காரியம், வழக்கறிஞர் எழுதித் தராவிட்டால் செல்லாது என்றே பலர் நினைக்கின்றனர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தீபகற்ப மலேசியாவில் 1959ஆம் ஆண்டு உயில் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையுள்ள, முஸ்லிம் அல்லாத எவரும் தாமே உயில் எழுதலாம். முத்திரைத் தாள் வேண்டாம். பதிவு செய்யவும் வேண்டாம். தமிழிலும் எழுதலாம், பின்னர் நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படும்.

செல்லுபடியாக என்ன வேண்டும்?

உயில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச் சொல்லோ, வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவோ போதாது. எழுதியவர் அதன் முடிவில் கையொப்பமிட வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். அப்போது உயிலை அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டி, அதையும் உயிலிலேயே குறிப்பிடுவது நல்லது.

கையொப்பமிடும்போது சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் உடனிருந்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையொப்பமிட வேண்டும். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது சாட்சிகளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அதிகம் நேரும் தவறு

சொத்து பெறுபவரோ, அவருடைய கணவன் அல்லது மனைவியோ சாட்சியாகக் கூடாது. வீட்டை மகனுக்கு எழுதிவிட்டு மருமகளைச் சாட்சியாக வைத்தால், உயில் செல்லும். ஆனால் மகனுக்கு எழுதிய பங்கு செல்லாமல் போகும். பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை செய்பவர் போன்றோரைச் சாட்சியாக வைப்பதே பாதுகாப்பு.

உயில் எழுதியபின் திருமணம் செய்தால், அந்தத் திருமணத்தை எதிர்பார்த்தே எழுதியதாக உயிலில் சொல்லியிருந்தாலொழிய, பழைய உயில் ரத்தாகிவிடும். மணமுறிவு அதை ரத்து செய்யாது. திருத்தம் வேண்டுமானால் பேனாவால் அடித்து எழுதாமல், புதிதாக ஓர் உயில் எழுதுவது நல்லது.

உயில் இல்லாவிட்டால்?

1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் பங்கைத் தீர்மானிக்கும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால், மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்ட மகள், வெளியூரில் இருக்கும் மகன் என்ற வேறுபாடு சட்டத்துக்குக் கிடையாது.

சட்டப்படி தத்தெடுக்காமல் வளர்த்த பிள்ளைக்கும், மாற்றான் பிள்ளைக்கும் இதில் பங்கில்லை. கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் வாழ்ந்த மனைவி தம் உரிமையை நிரூபிக்க அலைய நேரிடலாம். இத்தகைய குடும்பங்களுக்குத்தான் உயில் மிகவும் அவசியம்.

உயிலில் அடங்காதவை

இபிஎஃப் பணம் அங்கு வாரிசாக நியமிக்கப்பட்டவருக்கே போகும். உயிலில் வேறு பெயர் எழுதினாலும் மாறாது. நியமனம் செய்துள்ளோமா, அதில் யார் பெயர் இருக்கிறது என்பதைத் தனியே சரிபார்க்க வேண்டும். தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு நிர்வாகத்துக்கே சொந்தம். எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் அதை உயிலில் எழுத முடியாது.

வழக்கறிஞரை எப்போது நாட வேண்டும்?

ஒரு வீடு, வங்கிச் சேமிப்பு, வாரிசுகளிடையே ஒற்றுமை என்றால் எளிய உயில் போதும். கூட்டுப் பெயரில் நிலம், வியாபாரம், இரண்டு குடும்பங்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளை, பங்காளிச் சண்டை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் வழக்கறிஞருக்குச் செலவிடுவது வீண் போகாது. மனைவியையோ சிறு வயதுப் பிள்ளைகளையோ ஒதுக்கி எழுதினாலும் ஆலோசனை தேவை. பராமரிப்புக்கு வழிசெய்யக் கோரி அவர்கள் நீதிமன்றம் செல்லச் சட்டத்தில் இடமுண்டு.

சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்கும் நம்பிக்கையானவர் ஒருவரின் பெயரையும் உயிலில் குறிப்பிட வேண்டும். பின்னர் நீதிமன்ற அனுமதி பெறுவது அவர் வேலை. வழக்கறிஞரின் உதவி பெரும்பாலும் அப்போதுதான் தேவைப்படும். அசல் உயில் எங்கே இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லி வைக்க வேண்டும். நகலை மட்டும் வைத்துக்கொண்டு அனுமதி பெறுவது பெரும் சிரமம்.